ஒழுங்காகத்தான் வருகிறது

பெரியவளுக்கு ஒரு பழக்கம். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் "உங்க பேரைச் சொல்லுங்க" என்பாள். பெயர் சீட்டில் இருக்கும், சீட்டு அவள் கையில் இருக்கும், வந்தவர் நேற்றும் வந்தவராக இருப்பார். ஆனாலும் அவர் தன் வாயால் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி. ரத்தம் குழாயில் இறங்கிய பிறகுதான் லேபிள். முன்கூட்டியே லேபிள் ஒட்டி வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்ளும் ஆட்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பதினான்கு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறாள், ஒரு குழாய்கூட ஆள் மாறியதில்லை. இதை அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள் என்பது வேறு விஷயம்.

சொந்தத் தங்கையிடமும் அப்படித்தான் கேட்டாள்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

"ஏன்க்கா, காலையில என் சீப்பைத் தூக்கிட்டு வந்தியே, அது யாரு சீப்புன்னு தெரியாமத்தான் தூக்கினியா?"

"பேரைச் சொல்லுங்க."

சின்னவள் சொன்னாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை. கையைத் தட்டி நரம்பைப் பார்த்தாள், குத்தினாள், குழாய் நிறைந்ததும் அதை எட்டுத் தடவை மெல்லத் தலைகீழாகத் திருப்பினாள். குலுக்கவே கூடாது. குலுக்கினால் சிவப்பணு உடைந்து, அதற்குள் இருப்பதெல்லாம் வெளியே கொட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும் என்பது ஆராய்ச்சி டாக்டரின் கண்டிப்பு.

ஆராய்ச்சி டாக்டர் முப்பது வயதுப் பெண். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களின் உடம்பு சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். முதல் ரத்தம் எடுத்ததும் ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீர். குமட்டினாலும் குடித்துத்தான் ஆக வேண்டும். பிறகு அரை மணியில், ஒரு மணியில், இரண்டு மணியில் மறுபடி ரத்தம். சர்க்கரையும் இன்சுலினும் பார்ப்பதோடு, ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பதையும் அளந்தாள். அது என்னவென்று கேட்பவர்களிடம், "ரொம்பச் சின்னச் சின்னத் துண்டுங்க. செல்லு எதை எவ்வளவு செய்யணும்னு அடக்கி வைக்கிறது அதுங்க வேலை. நோய் இருக்கறவங்களுக்கு அதுல சிலது கூடியிருக்கு, சிலது குறைஞ்சிருக்கு. சர்க்கரைக்கும் அதுக்கும் என்ன தொடர்புன்னு பாக்கறோம்" என்பாள். நாளைக்கு இருபது தடவை துண்டு துண்டு என்று சொன்னதால் அவளுக்குத் துண்டு டாக்டர் என்று பெயர் வந்துவிட்டது.

பெரியவளின் அம்மாவுக்கு இந்தப் பெயர் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மா அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சலவைக் கூடத்தில் வேலை செய்பவள். துண்டு என்றால் அவளுக்கு ஒரே பொருள்தான். "ரத்தம் பட்ட துண்டை நான் முப்பது வருஷமாப் பாக்கறேன். ரத்தத்துக்குள்ள துண்டா? கேட்டா சிரிப்பாங்க" என்று முதல்நாளே சொல்லிவிட்டாள்.

சலவைக் கூடத்தில் அம்மாவுக்குக் கறை பிரிக்கும் மேஜை. வண்டியில் வந்து குவியும் விரிப்பு, அங்கி, தலையணை உறை எல்லாவற்றையும் உதறிப் பார்த்து, மருந்துக் கறை ஒரு தொட்டி, எண்ணெய் ஒரு தொட்டி, ரத்தம் ஒரு தொட்டி என்று போட வேண்டும். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டு போகவே போகாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தப்பைச் செய்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சின்னவளுக்கு அங்கேயே விரிப்பைத் தேய்த்துக் காயவைக்கும் சூட்டு உருளையில் வேலை. ஈர விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பிடிக்க, மற்ற இரண்டு முனைகளை இன்னொருத்தி பிடிக்க, மடிப்பு விழாமல் உருளைக்குள் விட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடி. வெயில் காலத்தில் அந்த அறையில் மூச்சு விடுவதே ஒரு வேலை.

இவ்வளவு உழைப்பவளை வீட்டில் சோம்பேறி என்றார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு சின்னவளுக்கு நீர்க்கட்டி என்று சொன்னார்கள். நாலு மாதம் வராது, வந்தால் பதினைந்து நாள் நிற்காது. உடம்பு போட்டது. மேலுதட்டில் முடி. அன்றைக்கே அம்மா அவளுடைய தேநீரில் சர்க்கரையை நிறுத்தினாள். ரொட்டிக்கு வெண்ணெய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, பிறந்தநாள் கேக்கில் ஒரு விரல் அளவு. பெரியவள் ஈர்க்குச்சி. இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுத் தேநீர் குடிப்பாள், மூன்று ரொட்டி தின்பாள், ஒரு கிராம் ஏறாது. "அக்காவைப் பாரு. அவளும் இந்த வயித்துலதான் பொறந்தா. வாயைக் கட்டத் தெரியணும்" என்று அம்மா சொல்லாத நாள் குறைவு. பெரியவளும் சும்மா இருந்ததில்லை. "படியேறிப் போயேன்டி, லிஃப்ட் எதுக்கு?" என்பாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் சொன்னதால் அது மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது.

சின்னவள் நாற்பத்தொன்றாம் எண்ணாக வந்த அன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வரவேண்டிய நோயில்லாத பெண் வரவில்லை. டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெரியவள் சொன்னாள், "நான் இன்னும் ஒண்ணும் சாப்பிடல டாக்டர். என்னை எடுத்துக்குங்க. எனக்கு ஒரு நோயும் கிடையாது."

கேள்வித்தாளை நீட்டினார்கள். மளமளவென்று நிரப்பினாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஆம். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. நோயில்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுப்பதில்லை, கேள்வித்தாளோடு சரி. அவள் நாற்பத்திரண்டு ஆனாள். அதற்குப் பிறகு இருவருக்கும் ஊசி போட்டது நர்ஸ். தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாக் குழாய்களுக்கும் லேபிள் எழுதியது பெரியவள்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். அதுவே புதிதாக இருந்தது.

"உங்களைச் சந்தேகப்படறேன்னு நினைக்காதீங்க."

"சொல்லுங்க டாக்டர்."

"நாப்பத்தொண்ணுக்கு ரெண்டு மணி நேரச் சர்க்கரை நூத்திப் பன்னெண்டு. சுத்தமா சரியா இருக்கு. நாப்பத்திரெண்டுக்கு நூத்தி அறுபத்தெட்டு. இன்சுலினும் எக்கச்சக்கம். துண்டுங்களும் அப்படித்தான், நாப்பத்திரெண்டு நோயாளிங்க பக்கம் போய் நிக்குது. துண்டை வச்சு மட்டும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா சர்க்கரையும் அதையே சொல்லுது."

பெரியவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"மாறியிருக்குங்கறீங்களா?"

"ஒரே நாள், பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே வீட்டுப் பேரு. ரத்த குரூப்பும் ஒண்ணு, அதை வச்சும் பிரிக்க முடியாது. மாறியிருந்தா சொல்லிடுங்க. அந்த ரெண்டையும் எடுத்துட்டு மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கறேன். ஆனா மேல இருக்கறவங்க கேப்பாங்க. ஒண்ணு மாறியிருந்தா மத்த எண்பதை எப்படி நம்பறதுன்னு."

"என் கையில மாறாது டாக்டர்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. நாளைக்கு யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று மாலை பெரியவள் பஸ்ஸில் வரவில்லை, நடந்தே வந்தாள். வழி நெடுக எட்டுக் குழாயையும் ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்த்தாள். எங்கும் பிசகவில்லை. ஆனால் அந்த நூற்று அறுபத்தெட்டு தன்னுடையதாக இருக்கவும் முடியாது. அது தங்கையுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். தங்கையின் உடம்பைப் பார்த்து அப்படி நினைத்தாள். அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னாள். அம்மாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"மாறிப்போச்சுன்னு சொல்லிடு. கை தவறாத மனுஷி உண்டா? உனக்கு ஒண்ணுமில்ல, இவளுக்குத்தான் நோயின்னு எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரியும்னா எதுக்கும்மா ரத்தம் எடுத்தாங்க?" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? அது என் ரத்தம்."

"அம்மா, மாறிப்போச்சுன்னு சொன்னா என் வேலை போயிடும்" என்றாள் பெரியவள்.

"ஒரு தடவைக்கா வேலையை விட்டுத் தூக்குவாங்க?"

"தூக்கலைன்னா? நாளைக்கு ஒவ்வொரு குழாயையும் எடுத்து வச்சுக்கிட்டு, இது யாருதுன்னு நிச்சயமாத் தெரியுமான்னு கேப்பாங்க. அதுக்கு வேலையே போகலாம்."

"அப்ப மாறலைன்னு சொல்லு."

"மாறலைன்னா அது எனக்கும்மா."

அம்மா பெரியவளை மேலும் கீழும் பார்த்தாள். தராசே தேவையில்லாத உடம்பு. "உனக்கா? போடி" என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

சின்னவள் தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.

"அக்கா, நாலு தடவையும் நீ என் பேரைக் கேட்ட. ஞாபகமிருக்கா?"

"எல்லார்கிட்டயும்தான் கேக்கறேன்."

"அதில்ல. கடைசித் தடவை நான் கடுப்புல, பேரு கழுதைன்னு சொன்னேன். அந்தக் குளுக்கோஸ் தண்ணி தொண்டையிலேயே நிக்குது, நீ பேரு பேருங்கற. நர்ஸம்மா ரத்தத்தை எடுத்துக் குழாயைக் கையில கொடுத்துட்டாங்க. நீ அதைக் கீழே வைக்காம, வேற எதையும் தொடாம, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. நான் ஒழுங்காப் பேரைச் சொல்ற வரைக்கும் நீ எழுதல. அப்ப உன் குழாய் இன்னும் வரவே இல்ல. நீ என்னைவிடக் கால் மணி நேரம் பின்னால."

பெரியவள் நிமிர்ந்தாள். அந்தக் கால் மணி நேரத்தை அவள் மறந்தே போயிருந்தாள். இரண்டு பேருடைய குழாயும் ஒரே நேரத்தில் அவள் கையில் இருந்ததே இல்லை. அவள் எழுதி முடித்ததும் நர்ஸ் தங்கையின் குழாயைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கால் மணி கழித்துத்தான் பெரியவளின் கடைசிக் குழாய்.

"மாறல" என்றாள்.

"மாறல" என்றாள் சின்னவள். "எனக்கு நல்லதா வந்திருக்குங்கறதுக்காகச் சொல்லல. நிசமாவே மாறல."

அவள் சொன்னது நிஜம்தான், ஆனால் நல்லதாக வந்திருக்கிறது என்ற ஆசையும் அந்தக் குரலில் இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? ஆறு வருடத்தில் அவள் உடம்பைப் பற்றி வந்த முதல் நல்ல சேதி அது. அதையும் அக்காவிடமிருந்து பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பெரியவள் டாக்டரின் அறைக்குப் போய், "மாறல டாக்டர். எனக்குத் திரும்ப எடுங்க. லேபிளை வேற யாராவது எழுதட்டும்" என்றாள். டாக்டர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. அம்மா நின்றாள். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ஈரம், இடுப்பில் பிளாஸ்டிக் ஏப்ரன். கறை மேஜையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"டாக்டர், நான் இவ அம்மா. சலவைக் கூடத்துல இருக்கேன்."

"வாங்கம்மா, உக்காருங்க."

"நிக்கறேன். ஈரம். எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. குழாயை மாத்த மாட்டா. அவளுக்கு நோயும் கிடையாது. உங்க மிஷினுக்குத்தான் ஏதோ ஆயிருக்கு."

"அம்மா, நீ போ" என்றாள் பெரியவள்.

"இருடி. டாக்டர், வீட்டுத் துணி பூராவும் நான்தான் துவைக்கறேன். யாருக்கு எப்போன்னு எனக்குத் தெரியாதா? சின்னவளுக்கு ஒரு கணக்கே கிடையாது, வந்தா வந்ததுதான். இவளுக்கு அப்படியில்ல. கடிகாரம் மாதிரி. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, பிசகாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மாசத்துக்கு?"

"ரெண்டு. ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும். வயசுக்கு வந்ததுலேர்ந்து அப்படித்தான். எனக்கும் அப்படித்தான் இருந்துது, எங்க சித்திங்களுக்கும் அப்படித்தான். எங்க வீட்டுப் பொம்பளைங்களே ஒழுங்கு."

"அம்மா, மாசத்துக்கு ஒரு தடவை வந்தாத்தானே..."

"அது மத்தவங்களுக்கு டாக்டர்."

டாக்டர் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் தரையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க இருபத்தெட்டு நாள், முப்பது நாள் என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அவளும் தினம் அதைக் கடந்துதான் போனாள். உயரத்துக்கும் எடைக்கும் போட்டிருக்கும் அட்டவணை மாதிரி, சராசரி மனிதர்களுக்கு ஆனது என்று நினைத்துக்கொண்டாள். தங்கையுடையது நோய், தன்னுடையது வீட்டு வழக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்தாளே தவிர, அந்தக் கோட்டை யார் போட்டது என்று யோசித்ததில்லை.

"தாடையில முடி?" என்று மெல்லக் கேட்டாள் டாக்டர்.

"நாலு முடி. அது எல்லாருக்கும் வரும்தானே, பிடுங்கிடுவேன்" என்றாள் பெரியவள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் கோப்பிலிருந்து நாற்பத்திரண்டின் கேள்வித்தாளை எடுத்தாள். ஒழுங்காக வருகிறதா? ஆம்.

"தப்பு என்னோடது. ஒழுங்கான்னு கேட்டுட்டு விட்டுட்டேன். எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கேட்டிருக்கணும்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இன்னும் எத்தனை பேரு இப்படி எழுதியிருக்காங்களோ." அன்றைக்கே அவள் நோயில்லாதவர்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போன் செய்ய ஆரம்பித்தாள்.

அம்மாவுக்குத் தான் உதவி செய்தோமா உபத்திரவம் செய்தோமா என்று தெரியவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றாள்.

"நல்லதுதாம்மா சொன்னீங்க. நீங்களும் ஒருநாள் சர்க்கரை பாத்துக்கணும், வெறும் வயித்தோட வாங்க" என்றாள் டாக்டர்.

அடுத்த வாரம் பெரியவளுக்கு மறுபடி நாலு தடவை ரத்தம் எடுத்தார்கள். லேபிள் எழுதியது நர்ஸ். "உங்க பேரைச் சொல்லுங்க" என்று அவள் வேண்டுமென்றே கறாராகக் கேட்டாள். பெரியவள் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வி எவ்வளவு எரிச்சலானது என்று அவளுக்குத் தெரிந்தது. ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி மணி மணியாக இருந்தது.

சர்க்கரை நூற்று எழுபத்தொன்று.

தாளைக் கையில் வாங்கியதும் பெரியவள் நடைபாதையில் நின்றே, "பாத்தீங்களா, குழாய் மாறல! நான் சொன்னேன்ல!" என்றாள். சத்தமாகவே சொன்னாள். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பதினான்கு வருடமும் திரும்பிக் கைக்கு வந்த மாதிரி இருந்தது. நர்ஸ் அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி அது. அங்கே உட்கார்ந்து இன்னொரு முறை எண்ணைப் பார்த்தபோதுதான் அது தன்னுடைய சர்க்கரை என்று பெரியவளுக்கு உறைத்தது. டாக்டர் வந்து, "இப்பவே கண்டுபிடிச்சது நல்லது. சாப்பாடு, நடை, மாத்திரை வேணுமான்னு பாக்கலாம். ஒல்லியா இருந்தாலும் இது வரும்" என்றாள். பிறகு, "தங்கச்சிக்கு இப்போதைக்குச் சர்க்கரையில பிரச்சினை இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும். இவ்வளவு பட்டினி தேவையில்ல" என்றாள்.

அன்று மூன்று பேரும் ஒன்றாகவே வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கால் கழுவிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்த் தேநீர் வைத்தாள். மூன்று கோப்பை. எப்போதும் பெரியவளுக்கு இரண்டு கரண்டி, தனக்கு இரண்டு, சின்னவளுக்கு இல்லை. கை தானாகவே பெரியவளின் கோப்பைக்குப் போய், நடுவழியில் நின்றுவிட்டது. கரண்டியில் சர்க்கரையோடு அம்மா அப்படியே நின்றாள்.

"அவளுக்குப் போடாதம்மா" என்றாள் சின்னவள்.

அம்மா அந்தக் கரண்டியைச் சின்னவளின் கோப்பையில் கொட்டினாள். இன்னொரு கரண்டியும் கொட்டினாள். கலக்கினாள். ரொம்ப நேரம் கலக்கினாள். கொண்டுவந்து சின்னவளின் கையிலேயே கொடுத்தாள், எப்போதும் மேஜையில் வைப்பவள்.

"எனக்கு யாருடி சொன்னாங்க? நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"நானும்தான் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள் பெரியவள். "லிஃப்ட்ல போகாதன்னு..."

சின்னவள் ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். குளுக்கோஸ் தண்ணீர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நல்லா இல்லையாடி?"

"பழக்கம் விட்டுப்போச்சும்மா."

"ஒரு கரண்டியாக் குறைச்சுத் தரட்டுமா? ஆறு வருஷமா ஏங்கிப் போயிருப்ப. எத்தனை நாள் அழுதிருக்க."

"அழுதேன். சர்க்கரைக்கு இல்லம்மா."

அம்மா கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றாள். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது தட்டில் மூன்று கோப்பை இருந்தது, எதிலும் சர்க்கரை இல்லை. மூன்று பேரும் குடித்தார்கள். பெரியவளுக்கு அது கசந்தது, குடித்து முடிக்க நேரமானது. சின்னவள் சீக்கிரமே குடித்துவிட்டு, அக்கா முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.